மாமா வாழ்நாள்ல ஒரு சொட்டு குடிச்சதில்ல, பி.எம். (போஸ்ட்மார்ட்டம்) ரிப்போர்ட்ல ரத்தத்துல ஆல்கஹால் 58னு வந்திருக்கு. இது எப்படிங்க?

முதுநகர்_பையன்

எல்லாருக்கும் வணக்கம். கடலூர் ஓ.டி. பக்கம் நம்ம வீடு. எங்க அம்மாவோட தம்பி, சிப்காட்ல ஒரு கம்பெனில ஸ்டோர்ஸ் பாத்துட்டு இருந்தாரு, வயசு 54, ரொம்ப வருஷமா சுகர், இன்சுலின் ஊசி தானே போட்டுக்குவாரு. போன மே மாசம் அத்தை பொண்ணு பிரசவத்துக்குன்னு ஓசூர் போயிட்டாங்க, மாமா மட்டும் வீட்டுல. சனிக்கிழமை ராத்திரி எங்க அம்மாகிட்ட போன்ல நல்லாதான் பேசினாரு, ஞாயிறு பூரா போன் எடுக்கல, கோயிலுக்கு எங்கனா போயிருப்பாருன்னு விட்டுட்டோம், திங்கக்கிழமை காலைல பக்கத்து வீட்டு அக்கா வாடை வருதுன்னு கூப்பிட்டாங்க. கதவ ஒடச்சி பாத்தா பாத்ரூம்ல குப்புற கெடக்குறாரு, நெத்தியில காயம்.

போலீஸ் வந்து சந்தேக மரணம்னு கேஸ் போட்டு பி.எம். பண்ணாங்க. இறப்புக்கு என்ன காரணம்னு கேட்டதுக்கு கெமிக்கல் ரிப்போர்ட் வர்ற வரைக்கும் கருத்து நிறுத்தி வச்சிருக்குன்னு எழுதி குடுத்துட்டாங்க. கருமாதி முடிஞ்சி எவ்வளவோ நாள் கழிச்சி இப்பதான் ரிப்போர்ட் வந்துது. விஷம் எதுவும் இல்ல, ரத்தத்துல எத்தில் ஆல்கஹால் 100 மி.லி.க்கு 58 மி.கி. அவ்வளவுதான் எழுதியிருக்கு.

கம்பெனில எடுத்து வச்சிருந்த விபத்து பாலிசிக்காரங்க, குடிபோதைல வழுக்கி விழுந்திருக்காரு, கிளைம் கெடையாதுன்னு லெட்டர் போட்டுட்டாங்க. பணத்த விடுங்க, சொந்தத்துல ஒரு பெரியப்பா "எனக்கு அப்பவே தெரியும்"னு கல்யாண வீட்டுல உக்காந்து பேசறாரு. அத்தை அதுலேர்ந்து வெளிய வர்றதே இல்ல. மாமா பீர் கூட தொட்டதில்லங்க, கம்பெனி ஃபங்ஷன்ல கூட ரோஸ் மில்க் குடிக்கிற ஆளு. லேப்ல மாத்தி வச்சிட்டாங்களா, இல்ல வேற ஏதாவதா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.


நெய்வேலி_குமாரு

தம்பி தப்பா எடுத்துக்காத. வீட்டுக்கு தெரியாம குடிக்கிறவன்தான் ஜாஸ்தி. அத்தை ஊர்ல இல்ல, சனிக்கிழமை ராத்திரி, கடலூர்லேர்ந்து முள்ளோடை எவ்வளவு தூரம்? ஆத்த தாண்டினா பாண்டி கடை. நான் யாரையும் கொற சொல்லல, நடக்கறத சொல்றேன்.


முதுநகர்_பையன்

அண்ணே நீங்களும் எங்க பெரியப்பா மாதிரியே பேசறீங்க.


பழைய_லேப்காரன்

குமாரு கொஞ்சம் நிறுத்துப்பா. தம்பி, நான் கெமிக்கல் அனாலிசிஸ் பக்கம் ரொம்ப வருஷம் வேல பாத்து ரிடையர் ஆனவன். உங்க பதிவுல முக்கியமான விஷயம் அந்த 58 இல்ல. சனி ராத்திரிக்கும் திங்கக் காலைக்கும் நடுவுல உடம்பு மே மாச வெயில்ல பூட்டின வீட்டுல கெடந்துது, வாடை வந்துது, ஆளு சுகர் பேஷண்ட். இந்த மூணையும் படிச்ச ஒடனே எனக்கு சந்தேகம் வந்துடுச்சி.

உயிர் போன பிறகு குடல்ல இருக்கற பாக்டீரியா, ஈஸ்ட் எல்லாம் ரத்தத்துக்குள்ள பரவும். அதுங்களுக்கு தேவை சர்க்கரை. சர்க்கரைய தின்னுட்டு எத்தனால் விடும், மாவு ராத்திரி பூரா வெளிய இருந்தா பொங்கி புளிக்குது பாருங்க அதே வேலதான். சுகர் பேஷண்ட் உடம்புல சர்க்கரை ஏற்கனவே தூக்கலா இருந்தா அதுங்களுக்கு கொண்டாட்டம். அழுக ஆரம்பிச்ச உடம்புல 58 மாதிரி நம்பர், ஏன் 100 வரைக்கும் கூட, ஒரு சொட்டு குடிக்காமலே வரலாம், சில சமயம் அதுக்கும் மேல போகும். குடிச்சாலும் அதே எத்தனால், அழுகினாலும் அதே எத்தனால், மெஷினுக்கு ரெண்டும் ஒண்ணுதான். கேஸ் குரோமடோகிராஃபின்னு ரத்தத்துல இருக்கறத பிரிச்சி காட்டற மெஷின்ல ஒரே பீக்.

லேப்ல மாத்தி வச்சிட்டாங்கன்னு ஓடாதீங்க. பெரும்பாலும் லேப் அளந்தது சரியாதான் இருக்கும். அந்த எத்தனால் எங்கேருந்து வந்துதுங்கறதுதான் கேள்வி. அதுக்கு லேப்காரன் பதில் சொல்ல மாட்டான், அவனுக்கு பாட்டில் மட்டும்தான் வரும், உடம்பு எந்த நெலமைல இருந்துதுன்னு அவனுக்கு தெரியாது. பி.எம். பண்ண டாக்டர்தான் ரெண்டையும் சேத்து வச்சி கருத்து சொல்லணும்.

ரெண்டு விஷயம் பாத்து சொல்லுங்க. பி.எம். சர்டிபிகேட்ல ரத்தம் எங்கேருந்து எடுத்ததா எழுதியிருக்கு? கண்ணு தண்ணி, யூரின் எடுத்தாங்களா?


முதுநகர்_பையன்

ஐயா ரொம்ப நன்றி. பாத்தேன். விசரான்னு போட்டு இரைப்பை, சிறுகுடல், கல்லீரல், கிட்னி, ரத்தம்னு இருக்கு. எங்கேருந்து எடுத்த ரத்தம்னு எழுதல. கண்ணு பத்தி எதுவும் இல்ல. "உடல் அழுகிய நிலையில், வயிறு உப்பி, தோல் உரிந்து"ன்னு மேல எழுதியிருக்கு. ஹார்ட்ல ஒரு துண்டு வேற லேபுக்கு அனுப்பினதா கடைசி வரில இருக்கு.


கோரிமேடு_பிஜி

ஃபாரன்சிக் மெடிசின் படிச்சிட்டு இருக்கேன், அதனால பொதுவா சொல்றேன், உங்க கேஸுக்கு தீர்ப்பு சொல்லல.

பழைய லேப்காரன் ஐயா கேட்ட "எங்கேருந்து"ங்கற கேள்விதான் எங்க டிபார்ட்மென்ட்ல முதல் நாளே சொல்லித் தர்றது. நல்ல முறை என்னன்னா, தொடைல ஓடற பெரிய ரத்தக் குழாய், ஃபெமோரல் வெயின், அதுலேர்ந்து எடுக்கணும். எடுக்கற எடத்துக்கு மேல கட்டு போட்டோ கிளாம்ப் போட்டோ மேல இருக்கற ரத்தம் கீழ வராம தடுத்துட்டு, ஊசியால உறிஞ்சணும், காலை கீழேருந்து பிதுக்கி எடுக்கக் கூடாது. ஏன் இவ்வளவு பாடுன்னா, நெஞ்சு பக்கம் இருக்கற ரத்தம் நம்பகமில்லாதது. இரைப்பைல ஆல்கஹால் இருந்தா அது செத்த பிறகும் கசிஞ்சி இதய ரத்தத்துல கலக்கும். மாத்திரையும் அப்படித்தான், நுரையீரல்லயும் கல்லீரல்லயும் இதய தசையிலயும் சேந்து கெடக்கறது செத்த பிறகு திரும்ப ரத்தத்துக்குள்ள எறங்கும். தூக்கத்துக்கும் மன அழுத்தத்துக்கும் குடுக்கற அமிட்ரிப்டிலின், ஹார்ட்டுக்கு குடுக்கற டிகாக்சின் எல்லாம் இதய ரத்தத்துல பாத்தா தொடை ரத்தத்த விட சில மடங்கு கூட காட்டும். அத மட்டும் பாத்தா டாக்டர் எழுதி குடுத்த அளவு மாத்திரை போட்டவர ஓவர்டோஸ் ஆக்கிடலாம்.

இன்னும் மோசம், நெஞ்சுக் கூட்ட தொறந்ததும் உள்ள தேங்கியிருக்கறத மொண்டு பாட்டில்ல ஊத்தறது. அதுல ரத்தம் மட்டும் இல்ல, எல்லாமே கலந்திருக்கும்.

அப்புறம் பாட்டில். மத்த உறுப்பெல்லாம் கெட்டி உப்புத் தண்ணில போகும், அந்த உப்புத் தண்ணிலயும் ஒரு தனி பாட்டில் சாம்பிளா அனுப்புவோம், நாளைக்கு உப்புலதான் விஷம் இருந்துதுன்னு யாரும் சொல்லக் கூடாதுன்னு. ரத்தம் உப்புத் தண்ணில போகாது, சோடியம் ஃப்ளோரைடு போட்ட டியூப்ல போகணும். ஃப்ளோரைடு பாக்டீரியாவ நிறுத்தும். அது இல்லாம சாதா பாட்டில்ல போட்டு, கோர்ட் லெட்டர் வாங்கறதுக்குள்ள நாள் ஓடி, ஃப்ரிட்ஜ் இல்லாத எடத்துல வச்சிருந்து, போலீஸ்காரர் பஸ்ல மடில வச்சி எடுத்துட்டு போனா, உடம்புல ஆரம்பிச்ச வேல பாட்டிலுக்குள்ளயும் நடந்துட்டே இருக்கும். ஆனா ஃப்ளோரைடு போட்டாலும் உடம்புக்குள்ள அதுக்கு முன்னாடி ஒண்ணரை நாள்ல உருவானத அது அழிக்காது, இத மறந்துடாதீங்க.

கண்ணுக்குள்ள இருக்கற கெட்டி திரவம், விட்ரியஸ், அது குடலுக்கு தூரமா மூடின அறைக்குள்ள இருக்கு, பாக்டீரியா சீக்கிரம் எட்டாது. ரத்தத்துல 58 இருந்து கண்ணுல ஒண்ணுமே இல்லன்னா, பெரும்பாலும் குடிச்சது இல்லன்னுதான் அர்த்தம். ரெண்டுலயும் இருந்தா அது வேற பேச்சு. ஊசி குத்தி ரெண்டு மூணு மி.லி. உறிஞ்சற வேல, ஆனா எல்லா எடத்துலயும் பண்றதில்ல.


முத்தியால்பேட்டை_நர்ஸ்

தம்பி அந்த பெரியப்பா கிட்ட இத பிரிண்ட் எடுத்து குடுங்க.

சுகர் பத்தி ஒரு கேள்வி பிஜி சார். அவருக்கு சுகர் எறங்கியோ ஏறியோ மயங்கி விழுந்திருந்தா ரத்தத்துல தெரியாதா? எங்க வார்டுல எல்லாத்துக்கும் முதல்ல சி.பி.ஜி. (விரல்ல குத்தி பாக்கற சுகர்) பாப்போம், அதான் கேக்கறேன்.


கோரிமேடு_பிஜி

சிஸ்டர், உயிரோட இருக்கற ஆளுக்கு பாக்கற மாதிரி குளுக்கோமீட்டர்ல பாத்தா ஏமாந்து போவோம். செத்த பிறகும் செல் எல்லாம் கொஞ்ச நேரம் சர்க்கரைய தின்னுட்டே இருக்கும், அதனால தொடை ரத்தத்துல எறங்கும். இதயத்தோட வலது பக்கம் பாத்தா கல்லீரல்லேர்ந்து சர்க்கரை வழிஞ்சி ஏறியிருக்கும். ஒரே உடம்புல ரெண்டு எடத்துல ரெண்டு பதில். பொட்டாசியமும் அப்படியே, செல் உடைய உடைய வெளிய கொட்டும், அதனால செத்தவர் ரத்தத்துல பொட்டாசியம் பாக்கறதுக்கு அர்த்தமே இல்ல.

ஆனா எல்லாமே வீண்னு இல்ல. எச்பிஏ1சி அசையாம நிக்கும், மூணு மாச கண்ட்ரோல் எப்படி இருந்துதுன்னு சொல்லிடும். யூரியா, கிரியாட்டினின் ரொம்ப மாறாது, கிட்னி கெட்டுப் போய் செத்தாரான்னு பாக்கலாம். சி.ஆர்.பி.யும் தாங்கும், இன்ஃபெக்ஷனுக்கு உதவும். கண்ணு திரவத்துல சர்க்கரை ரொம்ப அதிகமா இருந்தா உயிரோட இருந்தப்பவே ஏறியிருந்துதுன்னு நம்பலாம், ஏன்னா அங்க செத்த பிறகு எறங்கத்தான் செய்யும், ஏறாது. அதே காரணத்தால கம்மியா இருந்தா ஒண்ணும் சொல்ல முடியாது. லோ சுகர்ல செத்தவங்கள நிரூபிக்கறது அதனாலதான் ரொம்ப கஷ்டம்.

இன்சுலின் ஊசி நிறுத்திட்டு கீட்டோன் ஏறி செத்தவங்கள கண்டுபிடிக்கலாம். ரத்தத்துல பீட்டா ஹைட்ராக்சி ப்யூட்டிரேட்னு ஒண்ணு, அது ஓரளவு நெலைக்கும். ஆல்கஹால் பாக்கற அதே கேஸ் குரோமடோகிராஃபி ஓட்டத்துலயே அசிட்டோனும் தனியா தெரியும்.


பழைய_லேப்காரன்

இதத்தான் நானும் கேக்க நெனச்சேன். தம்பி, ரிப்போர்ட்ல அசிட்டோன், மெத்தனால், புரோபனால்னு ஏதாவது பேர் இருக்கா? அழுகின ரத்தத்துல என்-புரோபனால் கொஞ்சம் சேந்து வரும், அது இருந்தா அழுகல்ல உண்டான ஆல்கஹாலா இருக்கலாம்னு ஒரு துப்பு. சில லேப்ல கேட்டது மட்டும் எழுதுவாங்க, எத்தில் ஆல்கஹால் இருக்கான்னு கேட்டா எத்தில் ஆல்கஹாலுக்கு மட்டும் பதில்.

இன்சுலின்னு சொன்னதும் ஒரு பழைய கேஸ் ஞாபகம் வருது. 1957ல இங்கிலாந்துல கென்னத் பார்லோன்னு ஒரு ஆண் நர்ஸ், பொண்டாட்டிக்கு இன்சுலின் போட்டு குளிக்கற தொட்டில மூழ்கினதா நாடகம் ஆடினான். அப்போ இன்சுலின அளக்க இப்ப மாதிரி டெஸ்ட் கெடையாது. பின்பக்கம் ஊசி குத்தின எடத்து சதைய வெட்டி எடுத்து, அதுலேர்ந்து சாறு எறக்கி, எலிக்கு போட்டு பாத்தாங்க. எலிக்கு இன்சுலின் போட்ட மாதிரியே சுகர் எறங்கி வலிப்பு வந்துது. ரத்தத்த மட்டும் நம்பாம எங்க தேடணும்னு யோசிச்சதுனால மாட்டினான். நம்ம ஊர்லயும் இந்த தொழிலுக்கு வயசு கம்மி இல்ல, மெட்ராஸ்ல கெமிக்கல் எக்ஸாமினர் லேப் 1849லயே ஆரம்பிச்சது.


தேவனாம்பட்டினம்_வலை

இன்னாபா இவ்ளோ விஷயம் இருக்குதா. எங்க பக்கம் கடல்ல போயி செத்தவன் எல்லாருக்கும் ரத்தம் எடுக்கறாங்களே, தண்ணில முழுகி செத்தானா, அடிச்சி தண்ணில போட்டாங்களான்னு ரத்தத்துல தெரிஞ்சிடுமா? எங்க ஆளு ஒருத்தன் உப்பனாத்து முகத்துவாரத்துல கெடச்சான், இன்னி வரைக்கும் பேச்சு ஓயல.


கோரிமேடு_பிஜி

அண்ணே, ஒரு காலத்துல தெரியும்னு நெனச்சாங்க. 1921ல கெட்லர்னு ஒரு அமெரிக்க கெமிஸ்ட், இதயத்தோட இடது பக்க ரத்தத்துலயும் வலது பக்க ரத்தத்துலயும் உப்பு அளந்து வித்தியாசம் பாத்தாரு. கடல் தண்ணின்னா நுரையீரல் வழியா வர்ற இடது பக்கம் உப்பு கூடும், ஆத்துத் தண்ணின்னா கொறையும்னு கணக்கு. படிக்க நல்லாருக்கு, ஆனா உடம்பு கொஞ்ச நேரம் கெடந்தாலே ரெண்டு பக்கமும் கலந்து சமமாயிடும், அதனால இப்ப அத யாரும் நம்பறதில்ல. முகத்துவாரம்னா தண்ணியே பாதி உப்பு பாதி நல்ல தண்ணி. டயாட்டம்னு தண்ணில இருக்கற கண்ணுக்கு தெரியாத பாசி, அது தொடை எலும்பு மஜ்ஜைக்குள்ள வரைக்கும் போயிருக்கான்னு பாக்கறது ஒண்ணு இருக்கு, செத்துப் போனவன் உடம்புல ரத்தம் ஓடாது, மஜ்ஜைக்கு போகாதுங்கற கணக்கு. அதுலயும் சண்டை இருக்கு. முழுகி செத்தவங்களுக்கு ரத்தம் எடுக்கறது பெரும்பாலும் குடிச்சிருந்தாரா, மருந்து ஏதாவது குடுத்தாங்களான்னு பாக்கத்தான்.


பண்ருட்டி_பலா

நான் இங்க ரொம்ப எழுதறதில்ல. எங்க அக்கா ஒடுவந்தழைங்கற விஷத் தழை சாப்ட்டு போயிட்டா. இந்த பக்கத்து ஊர்க்காரங்களுக்கு அந்த பேர் சொன்னாலே தெரியும். ஆஸ்பத்திரில நாலு நாள் இருந்தா, நல்லா பேசிகினே இருந்தா, டிஸ்சார்ஜ் பண்ணிடலாம்னு நெனச்சோம், திடீர்னு இதயம் நின்னுடுச்சி. ஆனா கெமிக்கல் ரிப்போர்ட்ல விஷம் எதுவும் கண்டறியப்படவில்லன்னு வந்துது. அவ வீட்டுக்காரர் பக்கம் இத புடிச்சிகினு, விஷமே இல்ல, நீங்கதான் கட்டுக்கத கட்டறீங்கன்னு சொல்றாங்க. இல்லன்னு வந்தா இல்லன்னுதான் அர்த்தமா?


கோரிமேடு_பிஜி

ரொம்ப வருத்தமா இருக்குங்க. "இல்ல"ன்னு வந்தா, அவங்க தேடினது அவங்க கையில இருக்கற முறைல கெடைக்கலன்னு மட்டும்தான் அர்த்தம். வழக்கமா லேப்ல பூச்சி மருந்து, தூக்க மாத்திரை, ஆல்கஹால், உலோக விஷம் இப்படி ஒரு வரிசைல தேடுவாங்க. ஒடுவந்தழைல இருக்கற கிளிஸ்டாந்தின் மாதிரி செடி விஷத்துக்கு தனியா தேடணும், அதுவும் நாலு நாள் சிகிச்சைல இருந்தப்புறம் இரைப்பைல என்ன மிச்சம் இருக்கும்?

அந்த தழை கிட்னி வழியா பொட்டாசியத்த வெளிய கொட்ட வைக்கும், ரத்தத்துல அமிலம் ஏறும், நல்லா பேசிட்டே இருக்கறவங்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறா போறது அதனாலதான். செத்த பிறகு பொட்டாசியம் பாக்கறது வீண்னு மேல சொன்னேன் இல்ல. உயிரோட இருந்தப்ப ஆஸ்பத்திரில தெனம் எடுத்த ரிப்போர்ட், ஈ.சி.ஜி., அமிலம் பாத்த ஏ.பி.ஜி., இதெல்லாம் கேஸ் ஷீட்ல இருக்கும். பி.எம். ரத்தத்த விட அது ஆயிரம் மடங்கு பேசும். கேஸ் ஷீட் காப்பி வாங்குங்க, அத வச்சி பி.எம். டாக்டர் கருத்து சொல்லலாம், கெமிக்கல் ரிப்போர்ட் இல்லன்னு வந்தாலும் சொல்லலாம். கல்யாணம் ஆகி ஏழு வருஷத்துக்குள்ளன்னா ஆர்.டி.ஓ. (வருவாய் கோட்டாட்சியர்) விசாரணை நடந்திருக்கும், அந்த ஃபைலும் கேளுங்க.


முத்தியால்பேட்டை_நர்ஸ்

உண்மைங்க. கள்ளக்குறிச்சி கருணாபுரம் சாராயம், 2024 ஜூன், அறுபது பேருக்கு மேல போனாங்க, அதுக்கு முந்தின வருஷம் மரக்காணம். அப்போ பாண்டிக்கும் எத்தன பேர தூக்கிட்டு வந்தாங்க. அந்த சாராயத்துல இருந்த மெத்தனால் உடம்புல ஃபார்மிக் ஆசிடா மாறி கண்ணையும் மூளையையும் அடிக்கும். டயாலிசிஸ் பண்ணி ரெண்டு மூணு நாள் கழிச்சி ஒருத்தர் செத்தா அவர் ரத்தத்துல மெத்தனால் ஜீரோன்னு கூட வரலாம், அதனால அவர் சாராயம் குடிச்சி சாகலன்னு ஆயிடுமா? வந்த ஒடனே கேஷுவால்டில எடுத்த முதல் ரத்தம் இருக்கு பாருங்க, அதுதான் சாட்சி. பி.எம். பண்ற டாக்டர்ங்க அத கேட்டு வாங்கணும், குடும்பமும் ஞாபகப்படுத்தணும், ஏன்னா ஆஸ்பத்திரி லேப்ல கொஞ்ச நாள்ல எல்லாத்தையும் தூக்கி போட்டுடுவாங்க.


நெய்வேலி_குமாரு

சரி சரி ஒத்துக்கறேன் விஷயம் இருக்கு. ஆனா இவ்ளோ ஓட்டை இருந்தா ரத்தம் எடுத்து என்னதான் பிரயோஜனம்? காசு குடுத்தா எப்படி வேணா எழுதிக்கலாம் போல.


பழைய_லேப்காரன்

பிரயோஜனம் இல்லாமலா. புயல் வந்து கரண்ட் போன வீட்டுல ஜெனரேட்டர ஹால்ல வச்சி கதவ சாத்திட்டு தூங்கினவங்க கேஸ் எடுத்துக்க. தானே புயல் அடிச்சப்ப கடலூர்ல எத்தன நாள் கரண்ட் இல்லன்னு உனக்கே தெரியும். அந்த புகைல கார்பன் மோனாக்சைடு, ரத்தத்துல ஹீமோகுளோபின போயி கவ்விக்கும், ஆக்சிஜன விட இருநூறு மடங்குக்கு மேல பிடிப்பு. செத்த பிறகும் அது எங்கயும் போகாது, அப்படியே நிக்கும். ரத்தம் பழுத்த செர்ரி செவப்புல இருக்கும், நம்ம ஆளுங்க தோல் நெறத்துல வெளிய தெரியாது, நகத்துக்கு அடில, உதட்டுக்கு உள்ள, உள்ளங்கைல பாத்தா தெரியும். அளந்து பாத்தா பாதிக்கு மேல கார்பன் மோனாக்சைடு பிடிச்சிருக்கும். சிகரெட் குடிக்கிறவனுக்கு பத்து சதவீதம் வரைக்கும் இருக்கும், அதுக்கு மேல போக வேற காரணம் வேணும். தீப்பிடிச்ச வீட்டுல கெடந்த உடம்புல இது சுத்தமா இல்லன்னா, தீ வர்றதுக்கு முன்னாடியே ஆளு செத்துட்டானான்னு போலீஸ் யோசிக்க ஆரம்பிக்கும். இதுல எவனும் காசு குடுத்து நெறத்த மாத்த முடியாது.

பூச்சி மருந்து கேஸ்லயும் அப்படித்தான், ரத்தத்துல கோலினெஸ்டரேஸ்ங்கற என்சைம் எறங்கியிருக்கும். குளவி கொட்டியோ ஊசி ஒத்துக்காமயோ செத்தா அலர்ஜில வர்ற டிரிப்டேஸ் ஏறும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு பலம் ஒரு பலவீனம். ட்ரோபோனின்ங்கற இதய தசை புரோட்டீன் எடுத்துக்க, உயிரோட இருக்கறவனுக்கு ஹார்ட் அட்டாக்க காட்டிக் குடுக்கும், செத்தவனுக்கு இதய தசை கரைய கரைய தானா ஏறும், எல்லாருக்கும் அட்டாக்னு காட்டும்.


வில்லியனூர்_வக்கீல்

நேர விஷயத்துக்கு வர்றேன். முதுநகர் தம்பி, நீங்க ரெண்டு தனித்தனி சண்டைய ஒண்ணா போட்டு குழப்பிக்கறீங்க.

முதலாவது, குடிச்சாருங்கற பேரு. குடிச்சிருந்தாருன்னு சொல்றது இன்சூரன்ஸ் கம்பெனின்னா நிரூபிக்க வேண்டியதும் அவங்கதான். 30 மி.கி.ங்கற வரம்ப எடுத்துட்டு வருவாங்க, அது மோட்டார் வாகன சட்டம் 185, வண்டி ஓட்டறவனுக்கு. பாத்ரூம் போறவனுக்கு இல்ல. அதுவும் அழுகின உடம்புல எடுத்த ஒரே ஒரு ரத்த நம்பர், எடுத்த எடம் எழுதல, கண்ணு சாம்பிள் இல்ல, இத வச்சி போதைன்னு நிக்கறது ரொம்ப பலவீனமான வாதம்.

ரெண்டாவது, அவர் எதனால செத்தாருங்கறது. இத யோசிச்சி பாத்துக்கோங்க. விபத்து பாலிசின்னா விபத்தாலதான் செத்தாருன்னு இருக்கணும். மண்டைக்குள்ள ரத்தக்கசிவு இருக்கா, மண்டை ஓடு ஒடஞ்சிருக்கான்னு சர்டிபிகேட்ல பாருங்க. அது இல்லாம, ஹார்ட் துண்டு அனுப்பின ரிப்போர்ட்ல அடைப்புன்னு வந்தா, அட்டாக் வந்து அதனால விழுந்தாருன்னு ஆகும். அப்போ ஆல்கஹால் பேர் போயிடும், கிளைமும் சேந்து போயிடும். பல குடும்பம் இத கடைசிலதான் கவனிக்கும்.

என்ன செய்யலாம்னா, கேஸ் இன்ஸ்பெக்டருக்கு ஒரு மனு குடுங்க, சந்தேக மரண விசாரணைக்கு முன்னாடி சி.ஆர்.பி.சி. 174, இப்ப புது குற்ற நடைமுறை சட்டம் பி.என்.எஸ்.எஸ். 194. ரத்தத்துல கண்ட ஆல்கஹால் அழுகலால உண்டானதா இருக்க முடியுமா, நெத்தி காயம் சாவுக்கு காரணமா, ஹார்ட் லேப் ரிப்போர்ட் என்ன சொல்லுது, இத பி.எம். டாக்டர்கிட்ட எழுத்துல கேட்டு இறுதிக் கருத்து வாங்கித் தரச் சொல்லுங்க. மனுவுக்கு ரசீது வாங்காம வராதீங்க. இன்சூரன்ஸ் நிராகரிச்ச லெட்டர் தேதிலேர்ந்து ஒரு வருஷத்துக்குள்ள இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்), ரெண்டு வருஷத்துக்குள்ள நுகர்வோர் ஆணையம். கேஸ் போடுங்கன்னு சொல்லல, தேதிய மறந்துடாதீங்கன்னு சொல்றேன்.


முதுநகர்_பையன்

சார், அத்தைகிட்ட பேசினேன். "பணம் வந்தா வருது, வரலன்னா போவுது, அந்த மனுஷன குடிகாரன்னு எழுதி வச்ச பேப்பர் மட்டும் இருக்கக் கூடாது"ன்னு சொல்லிட்டாங்க. மனு எழுதிட்டேன். பி.எம். சர்டிபிகேட் திரும்ப படிச்சேன், மண்டை ஓடு முழுசா இருக்கு, உள்ள ரத்தக்கசிவு இல்லன்னு இருக்கு. அப்போ நீங்க சொன்ன ரெண்டாவதுதான் போல.


கோரிமேடு_பிஜி

மனுல கண்ணு, யூரின் சாம்பிள் ஏன் எடுக்கலன்னு கேள்வி எழுதாதீங்க. அது சண்டை மாதிரி ஆயிடும், டாக்டர் தன்ன காப்பாத்திக்க ஆரம்பிச்சிடுவாரு. உடம்பு நெலமைய அவரே எழுதியிருக்காரு இல்ல, அத மேற்கோள் காட்டி கேட்டா போதும். எத்தில் குளுக்குரோனைடுன்னு ஒண்ணு இருக்கு, உயிரோட இருக்கறவன் கல்லீரல் மட்டும்தான் குடிச்ச ஆல்கஹால்லேர்ந்து அத செய்யும். மிச்ச ரத்தம் லேப்ல இருந்தா கேக்கலாம், ஆனா எல்லா எடத்துலயும் இந்த டெஸ்ட் இல்ல, அழுகல் பாக்டீரியா அதையும் தின்னுடும், அதனால இதுல ரொம்ப ஆசை வைக்காதீங்க.


முதுநகர்_பையன்

அப்டேட். கொஞ்சம் லேட் ஆயிடுச்சி, மன்னிக்கணும். ஸ்டேஷனுக்கு அலைஞ்சி, ஒருத்தர் லீவு, ஒருத்தர் பந்தோபஸ்து, கடைசில எழுத்தர் அண்ணன் ஒருத்தர் மனசு வச்சி டாக்டருக்கு கேள்வி அனுப்பினாரு. டாக்டர் இறுதிக் கருத்து குடுத்துட்டாரு. இதய ரத்தக் குழாய் ரெண்டுல கடுமையான அடைப்பு, சாவுக்கு காரணம் இதய நோய், நெத்தி காயம் விழுந்ததுல பட்டது, உயிருக்கு ஆபத்தானது இல்ல. கடைசி பாராவுல, உடல் அழுகிய நிலைல இருந்ததால ரத்தத்துல கண்ட எத்தில் ஆல்கஹால் இறப்புக்குப் பின் உண்டாகியிருக்க வாய்ப்பு உள்ளது, அத வச்சி மது அருந்தியிருந்தார்னு கருத இயலாதுன்னு எழுதியிருக்காரு.

வக்கீல் சார் சொன்ன மாதிரியே விபத்து பாலிசி போச்சு. எல்.ஐ.சி. ஒண்ணு தனியா இருந்துது, அதுக்கு இந்த பேப்பர் போதும்னு சொல்லியிருக்காங்க. அத்தை அந்த கடைசி பாராவ மட்டும் ஜெராக்ஸ் எடுத்து வச்சிருக்காங்க.


நெய்வேலி_குமாரு

நல்லது தம்பி. பெரியப்பா என்ன சொன்னாரு?


முதுநகர்_பையன்

படிச்சிட்டு "டாக்டர் வாய்ப்பு உள்ளதுன்னுதானே போட்டிருக்காரு"ங்கறாரு.


பழைய_லேப்காரன்

அழுகின ரத்தத்துல அதுக்கு மேல எந்த நேர்மையான டாக்டரும் எழுத மாட்டாருன்னு சொல்லுங்க.


பண்ருட்டி_பலா

பிஜி சார், அக்கா கேஸ் ஷீட் கேட்டு மெடிக்கல் ரெக்கார்ட்ஸ்ல எழுதி குடுத்திருக்கேன். நாலு நாள் பொட்டாசியம் ரிப்போர்ட் தனியா கேக்கணுமா, இல்ல ஷீட்லயே வருமா?


முத்தியால்பேட்டை_நர்ஸ்

ஷீட்லயே ஒட்டியிருப்பாங்க, ஆனா ராத்திரில எடுத்த ஏ.பி.ஜி. துண்டுச் சீட்டு வெயில்ல வச்ச பஸ் டிக்கெட் கணக்கா மை மங்கிப் போயிடும். கெடச்ச அன்னிக்கே போட்டோ எடுத்து வச்சிக்கோங்க.